காற்றுப் புகாத வீடு

நோர்வேயில் எங்கள் வீட்டுச் சாமி விளக்கின் சுடர் அசைவதில்லை. வெளியே பனிப்புயல் மரங்களைப் பிடித்து உலுப்பும். உள்ளே சுடர் படத்தில் வரைந்ததுபோல நிமிர்ந்து நிற்கும். மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல், சுவருக்குள் பஞ்சு, கதவு விளிம்பெல்லாம் றப்பர். பழைய மரவீட்டை இப்படி மாற்றவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தால், ஹீற்றர் எவ்வளவு கரண்டைக் குடித்தாலும் என் விரல்களை விட்டுக் குளிர் போகாது.

திருத்த வேலை முடிந்த நாளில் நோர்வேக்காரத் தொழிலாளி சுவரைத் தட்டிப் பெருமையோடு "தெத்" என்றான். காற்றுப் புகாது என்று பொருள். என் கணவர் மகேந்திரனுக்கு அந்த மொழி அரைகுறை. நெஞ்சு அடைக்கிறது என்று போனபோது அந்த அடைப்புக்கு வைத்தியர் சொன்னதும் இதே சொல்தான்.

"அப்ப எப்பிடி மூச்சு விடுறது எண்டு கேளும்," என்றார் என்னிடம்.

கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, பழைய காற்றை வெளியேற்றிப் புதியதை உள்ளெடுக்கும் இயந்திரத்தைக் காட்டினான். இவர் அதன் வாயில் கையை வைத்துப் பார்த்தார்.

அந்தப் பனிமாரி முழுவதும் நான் வேலையால் வரும்போது ஜன்னல் திறந்திருக்கும். வீடு விறைத்துப் போயிருக்கும். இவர் கோட்டுப் போட்டபடி ஜன்னலடியில் இருப்பார். "நாங்கள் வீட்டைச் சூடாக்கிறமோ, ஊரைச் சூடாக்கிறமோ?" என்று கத்துவேன். அடுத்த மாரிக்கு முன் திருகோணமலைக்குப் போனார். பனி முடியத் திரும்புவேன் என்றார். இரண்டு பனிக்காலம் முடிந்தும் வரவில்லை.

இந்த முறை நான் போனேன். கச்சான் காற்று அனலாய் வீசும் காலம். துறைமுகத்துக்குப் பின்னால், நாங்கள் அனுப்பிய காசில் எழும்பிய கொங்கிறீற் வீடு. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கூரை, பொழுதுபட்ட பிறகு அதைத் தலைமேல் இறக்கியது. இவர் கூரைக்கு வெள்ளை அடித்து, மேலே தென்னோலைக் கிடுகும் பரப்பியிருந்தார். அப்படியும் என்னால் தாங்க முடியவில்லை. அறைக்கு ஏசி பூட்டுவித்தேன். ஜன்னல்களை இறுக்கினேன். குளிர் வெளியே போகாதபடி கதவுக்குக் கீழே பழந்துணியைத் திணித்தேன்.

"வாங்கோ, வந்து கொஞ்சம் படுங்கோ."

"நீர் படும். எனக்கு ஏலாது."

"அங்கையும் ஏலாது, இஞ்சையும் ஏலாது. என்னோடை இருக்க ஏலாதெண்டு சொல்லுங்கோவன்!"

அவர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னைப் பிடிச்சு வைச்சிருந்தது உமக்குத் தெரியும்தானே. அது ஒரு சாமான் அறை. ஜன்னல் இல்லை. கதவுக்குக் கீழை சாக்கு அடைச்சிருந்தவங்கள். நிலத்திலை முகத்தை வைச்சு, முறை முறையா சாக்கு விலகின இடைவெளியாலை மூச்சு எடுத்தனாங்கள். எல்லாருக்கும் முறை வரேல்லை."

கலியாணத்துக்கு முன், சண்டைக் காலத்தில் அவரைப் பிடித்துப்போனது எனக்குத் தெரியும். அதைப்பற்றிக் கதைக்கவேண்டாம் என்று அவருடைய ஆட்கள் சொல்லியிருந்தார்கள். நானும் கதைக்கவில்லை. பிள்ளை பிறந்து, வளர்ந்து, வேறு வீட்டுக்கும் போய்விட்டாள். அந்த அறையைப்பற்றி அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

குனிந்து துணியை இழுத்தெடுத்தேன். அவரைத் தொடப் போனேன். அவர் விறாந்தைக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் ஏசியைப் போட்டுக் கதவை விரியத் திறந்து வைத்தேன். அவர் வெளியே மர வாங்கில் இருந்தார். நான் வாசலில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டேன்.

"குளிரெல்லாம் வீணாப் போகுதப்பா," என்றார்.

"போகட்டும்."

"எப்ப பயணம்?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை. நீங்கள்?"

அவர் துறைமுகப் பக்கம் பார்த்தார். எனக்கு முகத்தில் கச்சான் அடித்தது, முதுகு குளிர்ந்துகொண்டிருந்தது. கதிரையை எந்தப் பக்கமும் நகர்த்த மனம் வரவில்லை.