கேரியரில் கட்டிய கயிறு

கொன்றவன் நான்தான். எங்கள் மாடு ரோசியையும், அதன் வயிற்றிலிருந்த கன்றையும். பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை... உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

வெள்ளானூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே இருந்த ஒரே மாடு ரோசி. என் மனைவி ஸ்டெல்லா அதைக் கன்றிலிருந்து வளர்த்தாள். ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது அதன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுத்தான் போவாள்.

அன்று மதியம் பனிக்குடம் உடைந்து நெடுநேரமாகியும் கன்று வரவில்லை. முன்னங்கால் இரண்டும் மட்டும் எட்டிப் பார்த்தன. எனக்குப் பாடியில் உள்ள கம்பெனியில் இரண்டாம் ஷிஃப்ட். மாட்டு டாக்டர் போனை எடுக்கவில்லை. ஸ்டெல்லா கையைக் கழுவி உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"மூக்கு கைக்கே சிக்கலய்யா. தல பின்னால திரும்பிகினு கீது. நான் ஆட்டோல போயி டாக்டர இட்டுகினு வர்றேன். அதுவரிக்கும் கால இழுக்காத, இன்னா?"

"சரி, போ" என்றேன்.

அவள் போனதும் கன்றின் குளம்பிடுக்கில் கிள்ளிப் பார்த்தேன். கால் வெடுக்கென்று உள்ளே போனது. உயிர் இருந்தது! எனக்கு அது தெரியும்.

கால்களில் கயிற்றை மாட்டிக் கையால் இழுத்தேன். ரோசி விட்டது ஓர் உதை! சாணியில் மல்லாந்தேன். எழுந்து அதன் விலாவில் எட்டி எட்டி உதைத்தேன். வெறி அடங்கவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பைக்கின் கேரியரில் கட்டி, ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

ஷிஃப்டுக்கு அவசரம் என்று என்னிடமே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! பொய்... அவசரமில்லை, ஆத்திரம். ஒரு மாடு என்னை உதைப்பதா என்ற ஆத்திரம்!

ரோசி கத்தியது. நிறுத்தினேனா? இன்னும் முறுக்கினேன். உள்ளே ஏதோ முறிந்தது. கழுத்து ஒடிந்த கன்று வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே ரத்தம் கொட்டியது. கயிற்றை அவிழ்த்துச் சாக்கடையில் எறிந்தேன்.

டாக்டர் வந்தபோது ரோசியின் கண்கள் நிலைகுத்தியிருந்தன.

"யாராச்சும் இழுத்தீங்களா?"

"இல்ல சார். செத்துதான் வந்துச்சு."

அவர் கன்றின் தோலுரிந்த கால்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, ஏனோ ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும்மா."

அந்தச் சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. இன்றும் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது சொல்வாள்: "நான்தான்யா சாவடிச்சிட்டேன். லேட் பண்ணிட்டேன்."

"விடு" என்பேன். அதற்குமேல் ஒரு சொல் என் வாயில் வந்ததா? வரவில்லையே!

ஞாயிறுதோறும் அதே பைக்கில்தான் கோயிலுக்குப் போகிறோம். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது அவள் அந்தக் கேரியரைத்தான் பிடித்துக்கொள்கிறாள். பூசைக்கு முன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய் வரிசையில் நிற்கிறாள்... ரோசியைக் கொன்ற பாவத்தைச் சொல்ல!

நான் வெளியே பைக்கின் பக்கத்தில் நிற்கிறேன்.