கற்பூரம் அணைத்த கை

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. கவனித்தீர்களோ? தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் ஒரு புண்ணியவான் மட்டும் விசாரித்தார். “என்னங்கம்மா, எழுதுறத நிப்பாட்டிட்டீங்களா?”

நிறுத்தவில்லை ஐயா. ஒரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும் - எனக்குப் பேனா ஓய்வு நேரத்துத் துணைதான். பிழைப்பு, திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை. எத்தனையோ பிள்ளைகளை ஏந்திய கை இது. லேசில் நடுங்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை நடுங்கியது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால், ஸ்ட்ரைக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த வருஷ ஆரம்பத்தில் எங்கள் தோட்டத்தில் வேலைநிறுத்தம். மலையில் ஒரு கொழுந்து கிள்ளப்படவில்லை. அடுப்பில் உலை ஏறாத வீட்டுக்காரர்கள்கூட அசையவில்லை. ஒருவன் மட்டும் தேயிலை ஃபேக்டரிக்குள் போனான். பெயர் முத்துவேல். வேலைக்கு வராவிட்டால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று யாரோ பயங்காட்டியிருக்கிறார்கள். பயந்துவிட்டான், அவ்வளவுதான். பயம் யாருக்கு இல்லை? மற்றவர்கள் பயத்தோடு வெளியே நின்றார்கள். இவன் பயத்தோடு உள்ளே போனான்.

அன்று ஃபேக்டரி வாசலில் “டேய் கருங்காலி!” என்று முதல் குரல் கொடுத்தவன் கருப்பையா. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். பேசினால் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

ஸ்ட்ரைக் முடிந்த கையோடு மாரியம்மன் கோயிலில் கூட்டம் போட்டார்கள். தோட்டக் கமிட்டித் தலைவர் தட்டில் கற்பூரம் ஏற்றினார். இனி முத்துவேல் வீட்டுக்கு நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, பேச்சு கிடையாது, நல்லது கெட்டதுக்குப் போவது கிடையாது. வீட்டுக்கு ஓர் ஆம்பிளை முன்னால் வந்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தால் சத்தியம். மீறினால் அந்த வீடு விளங்காது. அந்த வீட்டுப் பிள்ளை தங்காது.

முதலில் அணைத்ததும் கருப்பையாதான்!

இதை நான் குறை சொல்லமாட்டேன். கூட்டமாக நிற்காவிட்டால் நம் ஜனத்துக்கு இந்த மலையில் என்ன கதி? ஒற்றுமை என்ற ஒன்றை விட்டால் கையில் வேறென்ன இருக்கிறது? ஆனால் அந்த ஒற்றுமைக்கு ஒரு நாள் பெரிய சோதனை வந்தது.

முத்துவேலின் பெண்சாதி பாக்கியம் செத்துப்போனாள். காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. எவ்வளவோ பார்த்தோம்... முடியவில்லை.

எங்கள் பக்கம் சாவு விழுந்தால் சாவு வீட்டுக்காரன் குழி வேலையைத் தொடக்கூடாது. தப்பு மேளச் சத்தம் கேட்டதும் இளவட்டங்கள் தாங்களாகவே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு குழி வெட்டப் போவார்கள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. எதிரி வீடானாலும் அப்படித்தான்.

அன்று தப்பு அடிக்கவில்லை. யாரும் போகவில்லை. உடப்புசல்லாவையிலிருந்து பாக்கியத்தின் அண்ணன், தம்பி, சித்தப்பா என்று மூன்று பேர் மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். அவர்களும் சாவு வீட்டுக்காரர்கள்தானே? அவர்கள் வெட்டக்கூடாது. உத்தியோகத்து ஆளான எனக்கு அந்தச் சத்தியம் கிடையாது. ஆகவே போனேன், குளிப்பாட்டினேன். எனக்கு அதில் என்ன வீரம்?

மத்தியானம் தாண்டியது. முத்துவேல் எழுந்தான். மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்தான். பெண்சாதிக்குத் தானே குழி வெட்டப் புறப்பட்டான்!

லயத்து வாசலெல்லாம் ஆட்கள். எல்லாரும் பார்த்தார்கள். சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு கிழவர் அழுதார். அழுதாரே தவிர இறங்கவில்லை.

கருப்பையா வாசற்படியை விட்டு இறங்கினான். நிறைமாத வயிற்றோடு அவன் மனைவி சரசு சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“போவாதீங்க! ஆத்தா முன்னால அணைச்ச கைங்க அது! என் வயித்துல இருக்கிறத நெனச்சுப் பாருங்க!”

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். நேரே போய் முத்துவேலின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினான். ஒரு வார்த்தை பேசவில்லை. மழையில் ஒற்றை ஆளாக வெட்டி முடித்தான். வந்த உறவுக்காரர் மூன்று பேர்தான், பாடை தூக்க ஒரு தோள் குறைந்தது. அதையும் கொடுத்தான்.

அன்றிலிருந்து தோட்டம் முழுக்கப் பார்வை ஒரே இடத்தில்... சரசுவின் வயிற்றில்.

“சாமி சும்மா விடுமா?” “பார்ப்போம், பார்ப்போம்.” தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவள் குடம் வைத்தால் மற்றப் பெண்கள் விலகி நின்றார்கள். அவள் என்னிடம் வந்து அழுதாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே கருப்பையாவைப் பிடித்தேன்.

“ஏன்டாப்பா, நீதானே அவனைக் கருங்காலின்னு சொன்ன?”

“இன்னிக்கும் சொல்றேங்கம்மா. அவன் செஞ்சது துரோகந்தான்.”

“பின்னே?”

“அன்னிக்கு வேலைக்குப் போறது சரியில்லன்னு எனக்குப் பட்டுச்சு, போவல. சாவு அன்னிக்கு அவன் கையில மம்பட்டியப் பார்த்தேன், இது சரியில்லன்னு பட்டுச்சு. பட்டதுக்கப்புறம் எப்படிங்கம்மா பார்த்துக்கிட்டு நிக்கிறது?”

“சத்தியம் பண்ணினியே?”

“பண்ணினதும் நான்தான், ஒடச்சதும் நான்தான். யாரு மேலயும் பழி போடல.”

“பிள்ளைக்கு ஏதாவது ஆனால்?”

“பயமாத்தாங்க இருக்கு. தூக்கமே இல்ல. ஆனா ஒண்ணும்மா... புள்ள நல்லாப் பொறந்தா நான் செஞ்சது சரின்னும் ஆயிடாது, கெட்டுப்போனா தப்புன்னும் ஆயிடாது. இது வேற, அது வேற.”

நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். கற்பூரச் சத்தியத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் சொல்கிறேன் - அன்றிரவு ஜெபமாலையைக் கையில் எடுத்து சரசுவுக்காகத்தான் உருட்டினேன். இந்தப் பிள்ளை பிழைக்காவிட்டால் இனி இந்தத் தோட்டத்தில் எவனும் தன் மனசு சொல்வதைக் கேட்கமாட்டான் என்று எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வலி கண்டது. வேலையில்லாத நாள். லயமே கருப்பையா வீட்டு வாசலில். அத்தனை பேர் பார்வையும் கதவைத் தாண்டி உள்ளே வந்து என் பிடரியில் உட்கார்ந்துகொண்டது.

பிள்ளை வந்தது. அழவில்லை.

தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. நீலம் பாரித்த உடம்பு. இது எந்த வீட்டிலும் நடப்பதுதான், எந்தச் சாமியும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? கை நடுங்கியது. கொடியை எடுத்தேன். வாயைத் துடைத்தேன். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினேன். சரசு கண்ணை இறுக மூடிக்கொண்டு, “அந்த ஆள நான் மன்னிக்கவே மாட்டேன், மன்னிக்கவே மாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிறகு அழுதது. அப்பாடா, என்ன தொண்டை! அப்பனைப் போலவே, மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். சரசு அழுதாள். நானும்தான் அழுதேன், வெட்கமென்ன?

“பொம்பளப் புள்ள! நல்லா இருக்கு!” என்று கதவைத் திறந்து சொன்னேன். வாசலில் குலவை கிளம்பியது. தலைவர் கோயில் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார். “ஆத்தாவுக்குக் கோவமில்லப்பா!”

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சாயங்காலமே முத்துவேல் வீட்டுக்கு ரொட்டியும் சம்பலும் போயின. தேத்தண்ணி போனது. பாக்கியத்தை நினைத்துப் பெண்கள் இப்போது ஒப்பாரி வைத்தார்கள். கட்டிப்பிடித்து அழுதார்கள். பொய்யழுகை இல்லை, நிஜ அழுகை. இத்தனை நாளும் அது எங்கே இருந்தது? அனுமதிக்குக் காத்திருந்ததா? விலகி நிற்கும்போதும் எல்லாரும் சேர்ந்து... இரங்கும்போதும் எல்லாரும் சேர்ந்து...

பிள்ளையைப் பார்க்க முத்துவேலும் வந்தான். தயங்கித் தயங்கி வாசலில் நின்றான். கருப்பையா எழுந்து பின்பக்கமாகப் போய்விட்டான்.

“ஏன்டாப்பா, இப்பத்தான் எல்லாரும் பேசுறாங்களே?” என்றேன்.

“பேசட்டுங்க. குழி வெட்டுறது சரின்னு பட்டுச்சு, வெட்டினேன். பேசுறது சரின்னு எனக்கு இன்னும் படலங்கம்மா.”

தோட்டமே பேசாதபோது இவன் ஒருவன் போனான். தோட்டமே பேசும்போது இவன் ஒருவன் பேசவில்லை. “இந்த ஆளோட எப்படிங்கம்மா குடும்பம் நடத்துறது?” என்று சரசு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்கிறாள். கஷ்டம்தான் பெண்ணே. பிள்ளை அழுத பிறகு ஆத்தாவுக்குக் கோபமில்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அது தெரியாத நாளில் மண்வெட்டியை வாங்கிய கை ஒன்றுதான்.

நாளைக்கே என் கட்டை விழுந்தால் தோட்டம் திரண்டு வரும், எல்லாரும் வருகிறார்களே என்று. ஒருவரும் வராத நாளிலும் கருப்பையா வருவான்... ஆனால், அவனுக்குச் சரியென்று பட வேண்டும்!