கடத்தூரில் ஒரு கையெழுத்து, தீர்த்தமலையில் ஒரு மட்டக்குதிரை

போன சித்திரையில் நான் தீர்த்தமலைக்குப் போனது சாமி கும்பிட அல்ல. சிபாரிசுக் கடிதம் வாங்கப் போனேன். நம் ஹாஸ்டல் கையெழுத்துப் பத்திரிகையில் இதை எழுதும்படி ஆசிரியர் இரண்டு மாதமாக நச்சரிக்கிறார். இந்த வருஷம் பி.ஏ. முடிக்கிறவர்களில் பாதிப் பேராவது இதே வழியில் புறப்படுவார்கள் என்பதால், ரயில் நேரத்திலிருந்து விழுந்து வாரிய இடம் வரை எதையும் விடாமல் எழுதுகிறேன்.

முதலில் என் நிலைமை. பரீட்சை தேறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாலு பேட்டிகளுக்குப் போய் நாலிலும் "தெரிவிக்கிறோம்" என்ற பதிலோடு திரும்பியிருந்தேன். ஆனி பிறப்பதற்குள் வேலை கிடைக்காவிட்டால் செங்கல்பட்டில் மாமாவின் ஜவுளிக் கடையில் உட்கார வேண்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். மாமா நல்லவர்தான். ஆனால் காலை முதல் மாலை வரை கஜக்கோலும் கையுமாக "இது சாயம் போகாதும்மா" என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்ததும் இன்னும் நாலு விண்ணப்பம் எழுதிப் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சேலம் ஜில்லாவில் ஒரு கேம்ப் கிளார்க் வேலைக்கு அழைப்பு வந்தது. தருமபுரி, அரூர்ப் பக்கத்து மலை ஊர்களுக்குச் சுற்றுப்பயணம் போகும் அதிகாரியோடு கூடவே போய் எழுத்து வேலை பார்க்க வேண்டும். பேட்டி திங்கட்கிழமை, சேலத்தில். அந்தப் பக்கத்துப் பெரிய மனிதர்கள் இருவரிடமிருந்து நற்சான்றுக் கடிதம் வேண்டும் என்று அழைப்பில் கண்டிருந்தது. எனக்கு அங்கே பெரிய மனிதரும் தெரியாது, சின்ன மனிதரும் தெரியாது.

இதற்குத்தான் நம் ஹாஸ்டலில் 'உதவி நோட்டு' இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: எந்த ஊரில் நம் பழைய மாணவர் யார் என்ன உத்தியோகத்தில் இருக்கிறார், அவரைக் காலையில் பார்ப்பதா சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்பதா, எலுமிச்சம்பழம் கொண்டுபோனால் மகிழ்வாரா முறைப்பாரா என்பதெல்லாம் அதில் உண்டு. கடைசிப் பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு மாதிரிக் கடிதம் இருக்கிறது. பெரிய மனிதர்களுக்கு எழுத நேரம் கிடையாது. நாமே எழுதிக் கொண்டுபோனால் அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். அதுதான் வழக்கம். நான் அதை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டேன். "இவரை நான் நன்கு அறிவேன். ஒழுக்கமானவர். எழுத்து தெளிவானது. குதிரையேற்றம் அறிந்தவர்." இப்படிப் பத்து வரி. குதிரையை நான் கடற்கரையில் ஜட்கா வண்டிக்கு முன்னால் பார்த்ததோடு சரி. ஆனால் நோட்டில் இருப்பதை மாற்ற நான் யார்?

செவ்வாய் மாலை சென்னையில் ரயில் ஏறினேன். மொரப்பூருக்கு மூன்றாம் வகுப்பு மூன்று ரூபாய் பத்தணா. யுத்த காலம், பெட்டியில் சிப்பாய்கள் நிறைந்திருந்தார்கள். ஜோலார்பேட்டை வரை நின்றுகொண்டும் அதன்பிறகு யாரோ ஒருவருடைய டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தும் போனேன். புதன் விடிகாலை ஐந்தேகாலுக்கு மொரப்பூர். அங்கிருந்து தருமபுரிக்குப் போய்க்கொண்டிருந்த சின்ன ரயில் இப்போது கிடையாது. தண்டவாளத்தை யுத்தத்துக்காகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பழைய அட்டவணையை நம்பிப் போகாதீர்கள்.

முதல் கடிதம் கடத்தூரில். மொரப்பூரிலிருந்து ஏழு மைல். மாட்டு வண்டிக்குப் பத்தணா, இரண்டேகால் மணி நேரம். என் அறைத்தோழன் சென்னப்பனின் பெரியப்பா அங்கே பெரிய பண்ணைக்காரர். களத்தில் புளி உலுக்கிக் காயப்போட்டிருந்தார்கள். அவர் என்னை உட்காரவைத்துக் களியும் கொள்ளுக் கடைசலும் போட்டு, நான் கையை எடுக்கும்வரை போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்கிலீசுல என்னாங்க எழுதியிருக்குது?"

"நல்லவன்னு எழுதியிருக்குதுங்க."

"இத்தனையும் அதுக்கா எழுதுனீங்க? செரி, சென்னப்பன் கூட்டாளி, நல்லவராத்தான் இருப்பீங்க. எங்க போடோணும்?"

போட்டார். கையெழுத்து அழகாக இருந்தது. 'கையெழுத்து வாங்கியவுடன் தபாலில் சேர்த்துவிடு. அவர் மனம் மாற இடம் கொடாதே' என்பது உதவி நோட்டின் இன்னொரு விதி. ஆகவே அன்று மத்தியானமே கடத்தூர்த் தபாலாபீசில் அதைச் சேலத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ஏதோ சாதித்துவிட்டவன் மாதிரி இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழன் காலை ஐந்து மணிக்கு வண்டி. மொரப்பூர் வந்து எட்டு மணிக்கு அரூர் பஸ். எட்டு மைல், நாலணா. பெட்ரோல் கிடைக்காததால் எல்லாம் கரி பஸ்தான். பின்னால் கொதிகலன் மாதிரி ஒரு உருளை. கிளம்புவதற்கு முன் கண்டக்டர் அரைமணி நேரம் துருத்தியைச் சுற்றுகிறார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பின்சீட்டில் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன். வழியில் ஒரு மேட்டில் பஸ் மூச்சுவிட்டு நின்றது.

"படிச்சவங்க, படிக்காதவங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்க," என்றார் கண்டக்டர்.

"டிக்கெட் வாங்கியிருக்கேனே," என்றேன்.

"வாங்காதவங்கள நான் ஏத்தறதே இல்லீங்களே," என்றார். தள்ளினேன்.

அரூரில் பஸ் மாற வேண்டும். தீர்த்தமலைக்குப் பத்து மைல், ஆறணா. ஒரு நாளைக்கு ஒரு பஸ்தான், பத்தரைக்கு. அதை விட்டால் நடைதான். பன்னிரண்டே காலுக்கு மலையடிவாரத்தில் இறங்கினேன். மலை ஏறித் தீர்த்தத்தில் குளிக்க வந்தவர்கள் ஈரத்துணியோடு மர நிழலில் கட்டுச்சோறு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி ஒரு கூடாரத்தில் ரங்கநாதன் இருந்தார். நம் ஹாஸ்டல்காரர், எனக்கு நாலு வருஷம் முந்தியவர், இப்போது காட்டு இலாகாவில் ரேஞ்சர். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'நல்ல மனிதர், எளிதில் போடுவார்' என்று இருந்தது.

திங்கட்கிழமைப் பேட்டியையும் கடத்தூரில் வாங்கிய கையெழுத்தையும் பற்றிச் சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். பிறகு நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இந்தக் குதிரை இன்னும் உசுரோடவா இருக்குது?"

"நோட்டில் இருந்தது சார். அப்படியே எழுதினேன்."

"நானும் அப்படியேதானப்பா எழுதினேன். எனக்கு முந்தி யார் எழுதினாங்களோ, அவங்களுக்காவது தெரிஞ்சிருக்கும். என் பேட்டியில என்ன நடந்துது தெரியுமா? தலைவர் ஒரு குதிரைப் பைத்தியம். 'வா, காட்டு'ன்னு வெளியே கூட்டிட்டுப் போயிட்டார். இந்தப் பக்கமா ஏறினேன், அந்தப் பக்கமா எறங்கினேன்."

"அப்புறம்?"

"வேற ஆள் கெடைக்கலே, அதனால எடுத்துக்கிட்டாங்க. இப்போ உன்னைப் பார்க்கப் போறதும் அவர்தான். கடத்தூர் கடிதத்துல இந்த வரியை அடிச்சுடு, போதும்."

அது நேற்றே சேலத்துக்குப் போய்விட்டது என்று சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நல்லவன் என்று நம்பிக் கையெழுத்துப் போட்ட அந்தப் பெரியப்பாவையும் பொய்யராக்கிவிட்டோமே என்பதுதான் அதிகமாக உறுத்தியது. மாமாவின் கஜக்கோல் கண்முன் வந்து நின்றது.

"இன்னைக்கு வியாழன்," என்றார் ரங்கநாதன். "திங்கட்கிழமைக்கு நாலு நாள் இருக்குது. கடிதத்தை நிஜமாக்கிடலாமே?" என்று எழுந்து கூடாரத்துக்கு வெளியே போய், "மங்கம்மா!" என்று கூப்பிட்டார்.

மங்கம்மா சித்தேரி மலை ஊர்களில் கடுக்காயும் புளியும் வாங்கி, மட்டக்குதிரைமேல் போட்டு அரூர்ச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். நாற்பது வயது இருக்கும்; வீட்டில் பேச்சு தெலுங்கு. அடுத்த சந்தை வரை குதிரைக்கு ஓய்வு என்பதால், நாளுக்கு எட்டணாவுக்கு விட ஒப்புக்கொண்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு மூட்டை கடுக்காவைவிடக் கம்மிதாங்க இருப்பீங்க. சொமக்கும்."

"கடிக்குமா, அக்கா?"

"மூட்டையக் கடிச்சதில்லீங்க. ஒண்ணு சொல்லிட்டேன், இத ஓசூருக்கு அந்தாண்ட கன்னடத்தாருகிட்ட வாங்குனது. தமிழு புரியாது. 'நடி'ன்னா போவும். 'நில்லு'ன்னா நிக்கும். சொல்லியும் நிக்கலேன்னா நீங்க எறங்கிக்கோங்க."

அன்று பிற்பகல் இரண்டு முறை இறங்கிக்கொண்டேன், இரண்டும் என் விருப்பத்தால் அல்ல. சேணம் கிடையாது, கோணிச் சாக்கை மடித்துக் கட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு முறை, ஒன்று முள்வேலிக்குள். தீர்த்தமாட வந்தவர்கள் மலையிலிருந்து இறங்கியதும் ஊருக்குத் திரும்பாமல் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "முட்டிய இறுக்குங்க!" "கீழ பாக்காதீங்க, தூரமாப் பாருங்க!" என்று ஆளுக்கொரு யோசனை. நான் விழும்போதெல்லாம் மங்கம்மா முதலில் குதிரையின் காலைத் தடவிப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆவலீங்களே?" என்பார். வெள்ளிக்கிழமை மாலை குதிரைக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுத்தேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு சுமுகம் ஏற்பட்டது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரங்கநாதன் தன் குதிரையில் முன்னால் போக, நான் பின்னால் போனேன். அரூர்ப் பாதையில் மூன்று மைல் போய்த் திரும்பி வந்தோம். இருபுறமும் மாமரங்கள், காய்கள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கின. குதிரைமேல் இருந்தால் உலகம் இவ்வளவு நன்றாகத் தெரியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பேட்டியைக்கூட மறந்துபோனேன். அந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தபோது கடைசி அரை மைலில் ஒரு முறை விழுந்தேன்.

பிற்பகல் மலை ஏறித் தீர்த்தத்தில் குளித்தேன். ஏற முக்கால் மணி நேரம் ஆகும். தொடை வலியோடு ஏறினால் ஒன்றேகால். ஞாயிறு காலை புறப்படும்போது ரங்கநாதன் தாமே எழுதிய கடிதத்தைக் கொடுத்தார். நாலே வரி. 'இவரை எனக்கு மூன்று நாளாகத் தெரியும். சனிக்கிழமை காலை குதிரையில் ஆறு மைல் வந்தார். ஒரு முறை விழுந்தார். யாரும் சொல்லாமலே மறுபடி ஏறினார்.' இதைக் காட்டினால் வேலை கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனாலும் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பகல் பஸ்ஸில் மொரப்பூர், மாலை ரயிலில் சேலம். திங்கள் பதினொரு மணிக்குப் பேட்டி. வராந்தாவில் ஆறு பேர். அதில் நம் ஹாஸ்டல்காரர்கள் என்னைச் சேர்த்து மூவர். ஒருவரையொருவர் பார்த்ததுமே மூவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. நான் மூன்றாவதாக உள்ளே போனேன்.

தலைவருக்குப் பெரிய நரைமீசை. முன்னால் எங்கள் மூவருடைய கடிதங்களையும் வரிசையாக வைத்திருந்தார். அவர் இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"உங்கள் ஹாஸ்டலில் குதிரை லாயம் இருக்கிறதா?"

"இல்லை, சார்."

"மூன்று பேருக்கும் குதிரையேற்றம் தெரியும் என்று இருக்கிறதே?"

"மற்றவர்களைப் பற்றி நான் சொல்வதற்கில்லை, சார். எனக்குத் தெரியும்."

"எவ்வளவு காலமாக?"

இங்கே ஒரு கணம் என் வாய் 'சிறு வயதிலிருந்தே' என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையை ஜவுளிக் கடையிலிருந்து எழுதியிருப்பேன்.

"வியாழக்கிழமையிலிருந்து, சார்."

சட்டைப் பையிலிருந்து ரங்கநாதனின் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கிப் படித்தார்.

"ஒரு முறை விழுந்தாய் என்று இருக்கிறது."

"அது சனிக்கிழமை மட்டும், சார். மொத்தம் ஐந்து."

மீசை அசைந்தது. அவருக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்த அதிகாரிகள் இருவரும் அவர் சிரிக்கட்டும் என்று காத்திருந்து, பிறகு தாங்களும் சிரித்தார்கள். அவர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போகவில்லை. எந்தக் குதிரை, என்ன உயரம், சேணம் உண்டா என்று கால்மணி நேரம் கேட்டார். கோணிச் சாக்கு என்றதும் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

வைகாசிக் கடைசியில் உத்தரவு வந்தது. இப்போது சித்தேரி அடிவாரத்து முகாமில் இருந்து இதை எழுதுகிறேன், சேணம் உண்டு. முதல் சம்பளம் வாங்கியதும் கடத்தூருக்குப் போய்ப் பெரியப்பாவிடம், அவர் கையெழுத்துப் போட்டதில் ஒரு வரி அன்றைக்குப் பொய் என்று ஒப்புக்கொண்டேன். "இப்ப நெசந்தானுங்களே? உக்காருங்க, களி ஆறிப்போவும்," என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சித்திரையில் போனால் குடை அவசியம். அரூரில் பத்தரை மணி பஸ்ஸை விடாதீர்கள். கையெழுத்து வாங்கியவுடன் தபாலாபீசுக்கு ஓடாமல் ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். போன மாதம் ஹாஸ்டலுக்கு வந்தபோது, உதவி நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் குதிரை வரியை அடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். மனம் வரவில்லை. அதற்குப் பக்கத்தில் மட்டும் இப்படி எழுதிவைத்திருக்கிறேன்: 'தீர்த்தமலை, மங்கம்மா. பேட்டிக்கு நாலு நாள் முன்னதாகப் போய்ப் பார்க்கவும். எலுமிச்சம்பழம் வேண்டாம். குதிரைக்கு வெல்லம் கொண்டுபோகவும்.'