தெற்குச் சுவரின் இரண்டு ஸ்பீக்கர்கள்

படம் பார்க்க, ஐந்து ஸ்பீக்கரும் கனத்த சத்தத்துக்கு ஒரு வூஃபரும் கொண்ட செட் ஒன்றை வாங்கி வீட்டு ஹோலில் வைப்பது என்ன பெரிய வேலையா என்று இன்றைக்கு யாரும் கேட்பார்கள். எங்கள் ஊரான லிங்கநகரில், சமாதானம் என்று சொல்லப்பட்ட வருடங்கள் முடிந்து ஷெல் சத்தம் திரும்பவும் தொடங்கியிருந்த நேரத்தில் அதை வாங்கினவன் நான். அந்த நேரம் பார்த்து ஏன் வாங்கினாய் என்றால் என்னிடம் நல்ல பதில் கிடையாது. மூன்று வருட ஆசை. சண்டை முடியட்டும் என்று காத்திருந்தால் செவிடாகிப்போன காதோடுதான் படம் பார்ப்பேன் என்று எனக்குள் ஒரு எரிச்சல்.

கடையில் இரண்டு செட் இருந்தன. ஒன்று சின்னது, அடக்கமான சத்தம். மற்றதன் வூஃபர் தண்ணீர் வாளி அளவு. கடைக்காரர் ஒரு சண்டைப் படத்தைப் போட்டதும் என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. ஹோலின் நீள அகலத்தைக் கேட்டுவிட்டு, சின்னதே போதும் என்று அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. பெரியதை ஓட்டோவில் ஏற்றினேன். வழியில் சோதனைச் சாவடி. ஆறு பெட்டியையும் வயர்ச் சுருளையும் கண்டவர்கள் சும்மா விடுவார்களா? எல்லாவற்றையும் பிரித்து றோட்டில் பரப்பி, வூஃபரின் ஓட்டைக்குள் கைவிட்டுத் துழாவினார்கள். திருப்பிக் கட்டுவது என் பாடு. வீடு வந்து சேரும்போதே பாதி ஆசை செத்துவிட்டது.

மீதியை ஹோல் பார்த்துக்கொண்டது. செட்டோடு வந்த புத்தகத்தில் ஒரு அறையின் படம்: நாலு சுவர், நடுவில் சாய்ந்திருக்க ஒரு செற்றி, கதவென்று ஒன்றுமே இல்லை. என் ஹோலில் மூன்று கதவு, இரண்டு யன்னல். இடது ஸ்பீக்கர் நிற்கவேண்டிய இடத்தில் அலுமாரி. வலதின் இடத்தில் சாமிப்படங்கள். அதை அசைக்க மனைவி விடமாட்டாள். பின் ஸ்பீக்கர் இரண்டும் செற்றியில் இருப்பவரின் தலைக்குப் பின்னால், காதுக்குக் கொஞ்சம் மேலே வரவேண்டுமாம். பின்னால் என்றால் தெற்குச் சுவர். வயர் எட்டவில்லை. ஒட்டு வயர் வாங்கி, ஆணி அடித்து, பூச்சு உதிர்ந்து, திட்டு வாங்கி, இரண்டு நாளில் ஒருவழியாக மாட்டினேன்.

அந்தத் தெற்குச் சுவருக்கு வேறொரு வேலை இருந்தது. கொட்டியார் குடா அந்தப் பக்கம். குடாவுக்கு அங்கால், கட்டைபறிச்சான் பக்கமிருந்து ஷெல் வருவதும் இங்கிருந்து அங்கே போவதும் எங்கள் வீட்டுக்கு அந்தச் சுவர் வழியாகத்தான் கேட்கும். முதல் சத்தத்திலேயே 'போறது', 'வாறது' என்று பிரிக்க எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வாறது என்றால், குளியலறைக்கு முன்னாலுள்ள ஒடுங்கிய நடையில் இரண்டு சுவருக்கு நடுவே குப்புறப் படுக்கவேண்டும். ஏழு வயது மகள் எங்கள் இருவரையும்விட வேகம். நாங்கள் போகும்போது அவள் ஏற்கெனவே அங்கே கிடப்பாள்.

முதல் நாள் படம் போட்டேன். பின்சுவரிலிருந்து முதல் வெடிச்சத்தம் வந்ததுதான் தாமதம், குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற மனைவியும் செற்றியிலிருந்த மகளும் நடைக்குள் விழுந்து கிடந்தார்கள். ஐந்து ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலித்த அந்த அருமையான அரை நிமிடத்தைக் கேட்க ஹோலில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. சத்தத்தைக் குறைத்தேன். வூஃபரை முன்னுக்கு இழுத்தேன். ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே ஓட்டம். எனக்கு விசர் பிடித்தது.

பின்னால் இருப்பதைக் கழற்றச் சொன்னாள் மனைவி. கழற்றினால் கடைக்காரர் சொன்ன சின்ன செட்டையே வாங்கியிருக்கலாமே. வீம்புக்கு வேறு வழி பிடித்தேன். பின்னேரங்களில் மகளைப் பக்கத்தில் இருத்தி, தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதே சண்டைக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டேன். "பயப்பிடாதை, பெட்டிதான்" என்று ஒவ்வொரு வெடிக்கும் சொன்னேன். இரண்டு கிழமையில் அவள் அசையாமல் இருக்கப் பழகிவிட்டாள். எனக்கு ஒரே பெருமை.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "உண்மையா வந்தால் இவள் எதைக் கேட்டு எழும்புவாள்?" என்றாள்.

பிள்ளை கெட்டிக்காரி, வித்தியாசம் தெரியும் என்று சொல்லிவிட்டு, கோபத்தில் சத்தத்தை இன்னும் கூட்டினேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து கரண்ட் இல்லை, செட் செத்துப்போய்க் கிடந்தது. மகள் ஹோலில் இருந்து பாடக்கொப்பி எழுதிக்கொண்டிருந்தாள். நான் குசினியில் மனைவிக்குத் தேங்காய் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெற்கிலிருந்து முதலாவது வந்தது. இருவரும் முட்டிமோதி நடைக்குள் விழுந்தோம். இரண்டாவது வந்தபோதுதான் அங்கே மகள் இல்லாதது தெரிந்தது.

நாலு காலில் ஹோலுக்குப் போனேன். செற்றியில், தெற்குச் சுவருக்கு முதுகு காட்டியபடி எழுதிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "பயப்பிடாதேங்கோ அப்பா, பெட்டிதான்" என்றாள்.

காலைப் பிடித்து இழுத்தேன். தலை நிலத்தில் அடிபட்டது. மூன்றாவதுக்கு யன்னல் கண்ணாடி நொறுங்கி, அவள் இருந்த செற்றி முழுக்கக் கொட்டியது. நெற்றியில் வீங்கியதைத் தவிர அவளுக்கு ஒன்றுமில்லை.

அன்று பின்னேரமே இரண்டு ஸ்பீக்கரையும் ஆணியோடு பிடுங்கினேன். அதனால் ஒன்றும் சரிவரவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சத்தம் கேட்டாலும் மகள் முதலில் வெறுஞ்சுவரைப் பார்ப்பாள், பிறகு என் முகத்தைப் பார்ப்பாள். நான் எழும்பி ஓடினால்தான் அவளும் ஓடினாள். நான் வேலைக்குப் போயிருந்த நேரங்களில் சத்தம் கேட்டபோது அவள் என்ன செய்தாள் என்று மனைவியிடம் இன்றுவரை நான் கேட்டதில்லை.