வெள்ளை வெளியே, சிவப்பு உள்ளே

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. நான் கேட்டது பட்டப்பகலில், மூன்று மணிக்கு. நல்ல வெயில். எனக்குக் காது இன்னும் சரியாகத்தான் கேட்கிறது. "வயசாயிருச்சு, எதையோ நினைச்சுக்கிட்டு எதையோ சொல்றாங்க" என்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், வருத்தமில்லை. ஆனால் ஒன்று. அன்று அதைக் கேட்டவள் நான் மட்டும் இல்லை.

என் தங்கை வீட்டுக்காரருக்கு வீடு கழுவுகிற தொழில். வீட்டுக்குள்ளே இல்லை, வெளிச்சுவர், மதில், வாசல் தரை, மாடிப்படி. ஒரு வேன், ஒரு பிரஷர் மெஷின், பாம்பு மாதிரி நீளமாக ஒரு ஹோஸ், துப்பாக்கி மாதிரி ஒரு கன். வேனின் மேல் பெரிய எழுத்தில் 'பளபளா' என்று எழுதியிருக்கும். அதனால் ஊரில் அவர் பெயரும் அதுவே ஆகிவிட்டது. "பளபளாவைக் கூப்பிடு." "பளபளா வந்தாச்சா?" ஊரார் சுவரெல்லாம் அவர் கையில் பளபளத்தது. அவர் வீட்டுக்குள் என்ன பளபளத்தது என்று என் தங்கையைத்தான் கேட்க வேண்டும். கேட்க முடியாது. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

மெஷின் அவருடையது என்றால், மருந்து அவளுடையது.

சுவரில் அடிக்கிற கரைசலை அவர்கள் மருந்து என்றுதான் சொல்வார்கள். பாசிக்கு ப்ளீச் மருந்து. துருவுக்கும் சிமெண்ட் கறைக்கும் ஆசிட் மருந்து. எதற்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துக் கலந்து கொடுப்பது அவள் வேலை. ப்ளீச் வெள்ளைக் கேனில் இருக்கும், ஆசிட் சிவப்புக் கேனில். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் கிளம்புகிற புகை நெஞ்சைப் பொசுக்கிவிடும். மூடிய அறை என்றால் ஆள் காலி. அதனால் சிவப்புக் கேன் எப்போதும் பின்பக்க ஷெட்டுக்குள், வெள்ளைக் கேன் எப்போதும் வெளியே குழாயடியில். வேலை செய்யும்போது அதைப் பாட்டு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். "வெள்ளை வெளியே, சிவப்பு உள்ளே... வெள்ளை வெளியே, சிவப்பு உள்ளே..."

"என்னடி, மந்திரமா?" என்று கிண்டல் செய்வேன்.

"மந்திரத்தை மறந்தா சாமி கோவிச்சுக்கும், அவ்வளவுதான். இதை மறந்தா நானே போயிருவேன்க்கா."

அப்படிச் சொன்னவள் அதே ஷெட்டுக்குள் செத்துக் கிடந்தாள். பக்கத்தில் இரண்டு கேனும் திறந்து கிடந்தன.

"உள்ள தாழ் போட்டுக்கிட்டு ரெண்டையும் கலந்துட்டா அண்ணி. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், திறக்கல. கதவை உடைச்சுத்தான் வெளிய தூக்குனேன்" என்றார் பளபளா. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். "பாவம், கவனமில்லாம செஞ்சுட்டா" என்றார்கள் நல்லவர்கள். "விவரமில்லாத பொம்பளை கையில மருந்தைக் குடுத்தா வேற என்ன ஆகும்?" என்றார்கள் மற்றவர்கள். எனக்கு ஆறவே இல்லை. சாவு எல்லோருக்கும் உண்டு. ஆனால் அவளிடம் இருந்த ஒரே கெட்டிக்காரத்தனத்தையும் பிடுங்கிக்கொண்டு, முட்டாள் என்று பெயர் வைத்து அனுப்பினார்களே!

வருஷம் திரும்புவதற்குள் அவருக்கு இன்னொரு கல்யாணம். முப்பது வயதுகூட ஆகாத பெண். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "ஏய் புதுசு!" என்பார், கடையில் மெஷின் மாற்றி வாங்கியது மாதிரி. மருந்து கலக்கிற வேலை இப்போது அவளுக்கு.

போன மாதம் ஃபோன் செய்தார்.

"அண்ணி, வீட்டை விக்கிறேன். அவ சாமான் ஒரு பெட்டி கிடக்கு. வேணும்னா வந்து எடுத்துக்கங்க. இல்லன்னா குப்பைக்குத்தான்."

போனேன்.

மறுநாள் வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்களாம். வீட்டையே கழுவிக்கொண்டிருந்தார். முன்பக்கம் முகம் பார்க்கலாம் போல இருந்தது. பின்பக்கம் போனால் ஷெட்டின் சுவர் மட்டும் பாக்கி. மூன்று வருஷமாக யாரும் தொடாத சுவர். பாசி கருத்துப்போய், கம்பளி போர்த்தின மாதிரி தடித்திருந்தது. மேலே கையளவு ஒரு ஜன்னல். குழாயடியில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஊரையே கழுவுறீங்க, இந்தச் சுவரை மட்டும் மறந்துட்டீங்களா தம்பி?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கன்னின் நுனியில் மாட்டுகிற நாசில்களைத் துடைத்துக்கொண்டே பாடம் நடத்த ஆரம்பித்தார். "இது ஊசி நாசில். தண்ணி கத்தி மாதிரி வரும். பூச்சுச் சுவர்ல வச்சா பேத்து எடுத்துரும், தொழில் தெரிஞ்சவன் வைக்க மாட்டான். சுவருக்கு இந்த விசிறி நாசில்தான். மருந்தைக் கீழேருந்து மேல அடிக்கணும். தண்ணியை மேலேருந்து கீழ விடணும். மாத்திச் செஞ்சா கோடு கோடா விழுந்துரும்."

"ம். இதெல்லாம் அவ சொல்லிக் கேட்டிருக்கேன்."

மருந்தைக் கீழேயிருந்து மேலே அடித்தார். மெஷினை அணைத்தார்.

"பத்து நிமிஷம் ஊறணும்."

மெஷின் நின்றதும் ஒரே அமைதி. சமையலறையில் புதுசு பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும்.

அப்போது ஷெட்டுக்குள் யாரோ இருமினார்கள்.

வறட்டு இருமல். இரண்டு தடவை. பிறகு மூச்சை இழுக்கிற சத்தம்.

"உள்ள யாரு தம்பி?"

"யாருமில்ல."

"இருமுன மாதிரி..."

"பக்கத்து வீடா இருக்கும்."

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. வரும்போதே பார்த்தேன்.

மறுபடி இருமல். பதினெட்டு வயதுவரை அவளோடு ஒரே பாயில் படுத்தவள் நான். அவள் தும்மல் தெரியும், விக்கல் தெரியும். இருமல் தெரியாதா?

பாசியில் ஏதோ அசைந்தது.

சுவரின் அடியில், தரையை ஒட்டி, ஒரு வெள்ளைக் கோடு. விரல் அகலம். நான் பார்க்கப் பார்க்க அது மேலே ஏறியது. மெதுவாக... பாசியை வழித்துக்கொண்டே...

பக்கத்தில் இன்னொன்று.

இன்னொன்று.

நாலு கோடு.

"மருந்து ஓடுன கோடுதான்" என்றார். குரல் சரியாக இல்லை.

"மருந்து ஓடுனா கீழதானே தம்பி ஓடும்?"

நாலு கோடும் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றன.

அவர் மெஷினைப் போட்டார். ஒரு நாசிலை எடுத்து மாட்டினார். ஊசி நாசில். தொழில் தெரிஞ்சவன் வைக்க மாட்டான் என்று இப்போதுதான் சொன்னார். அதே வாய். கோட்டின் மேல் தண்ணீரைப் பாய்ச்சினார். பூச்சு கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது.

"தம்பி! சுவர் போகுது!"

பூச்சு போனது. செங்கல் தெரிந்தது. செங்கலிலும் நாலு கோடு.

மெஷினை அணைத்தார். சத்தம் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம்... சர்ர்ர்... சர்ர்ர்... நகத்தால் இழுக்கிற மாதிரி.

"ஏய் புதுசு!" என்று கத்தினார். "வெள்ளைக் கேனைத் தூக்கிக்கிட்டு ஷெட்டுக்குள்ள போ. சிவப்புல இருக்கிறதையும் அதுல ஊத்திக் கலந்து எடுத்துட்டு வா. கறை போக மாட்டேங்குது."

நான் எழுந்துவிட்டேன்.

"ரெண்டையும் கலக்கவா சொல்றீங்க? உள்ள வச்சா?"

"கொஞ்சம் நெடி வரும், அவ்வளவுதான் அண்ணி. மூக்கைப் பொத்திக்கிட்டுக் கலந்தா முடிஞ்சுது. போன தடவையும்..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

போன தடவையும்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மெஷினைப் போட்டுவிட்டார், மேற்கொண்டு நான் பேசுவது கேட்காதபடிக்கு.

அதற்குள் அந்தப் பெண் வெள்ளைக் கேனைத் தூக்கிக்கொண்டு ஷெட் கதவுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"போகாதேம்மா! உள்ள போகாதே!"

மெஷின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ ஓடினேன்.

அவள் வெளித்தாழை நீக்கினாள். கதவை உள்ளே தள்ளினாள்.

நகரவில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஒரு கையளவு திறந்தது.

பிறகு மூடிக்கொண்டது.

அறைந்து மூடவில்லை. மெதுவாக... உள்ளேயிருந்து ஒருவர் முதுகைச் சாய்த்துத் தள்ளுகிற மாதிரி...

அவள் கேனைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தாள்.

"உள்ள ஆள் இருக்காங்க பெரியம்மா."

"யாரு?"

"ஒரு பொம்பளை. கதவுல வாயை வச்சுப் பேசுனாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'வெள்ளை வெளியே'ன்னாங்க." அழ ஆரம்பித்துவிட்டாள். "யாரு பெரியம்மா அது?"

அந்தப் பெண் என் தங்கையைப் பார்த்ததே இல்லை. அந்த வீட்டில் என் தங்கையின் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. அந்தப் பாட்டு எனக்குத் தெரியும், செத்துப்போன தங்கைக்குத் தெரியும். பளபளாவுக்குத் தெரியும்.

மெஷின் நின்றது.

அவர் மூலையில் வந்து நின்றார். கன்னிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே, ஒரே ஒரு இருமல்.

இந்தத் தடவை அவர் பக்கத்து வீடு என்று சொல்லவில்லை.

நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். போட்டிருந்த செருப்போடு வந்தாள்.

"அண்ணி, பெட்டி..." என்றார் பின்னாலிருந்து. பழக்க தோஷம்.

"நீங்களே வச்சுக்கங்க தம்பி. இன்னொரு புதுசு வரும்ல, அவளுக்கு ஆகும்."

ஆட்டோவில் வரும்போது அவள் ஒன்று சொன்னாள். என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கோவம் வந்தா என்னையும் அந்த ஷெட்டுல விட்டு வெளிய தாழ் போட்டுருவாரு பெரியம்மா. 'சொன்ன வேலையை முடிச்சாத்தான் திறப்பேன்'ம்பாரு. ரெண்டு தடவை போட்டிருக்காரு. அப்பல்லாம் சிவப்புக் கேன் வேலை மட்டும்தான், வெள்ளை உள்ள வரல."

அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் போய்ச் சொன்னேன். "மூணு வருஷம் கழிச்சா? எதை வச்சும்மா சொல்றீங்க? இருமல் கேட்டதையா?" என்று சிரித்து, தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வீடு விற்றுப் போனது. அந்த வேன் இன்னமும் ஊரைச் சுற்றுகிறது. சுவரெல்லாம் பளபளக்கிறது. அந்தப் பெண் என்னோடு இருக்கிறாள்.

போன வாரம் கொத்தனார் வந்திருந்தார். என் வீட்டுக் குளியலறைத் தரையைப் பூசிக்கொடுத்தவர். பேச்சுவாக்கில், அந்த வீட்டு ஷெட்டை இடிக்கிற வேலை தனக்குத்தான் வந்தது என்றார்.

"கதவைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். நல்ல மரம்மா. வெளிப்பக்கம் ஒரு அடி இல்ல, ஒரு கீறல் இல்ல."

"உடைச்ச கதவுன்னு சொன்னாங்களே?"

"யாரு சொன்னா? உடைச்சிருந்தா எனக்குத் தெரியாதா? சட்டம், கீல் எல்லாம் முதமுதல்ல வச்சது வச்சபடி இருக்கு. உள்பக்கம்தான் அடியில நாலு கோடு. கீழேருந்து மேல இழுத்த மாதிரி. இழைச்சா போயிரும்."

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"உள்தாழ்?"

"உள்பக்கம் தாழே கிடையாதும்மா. எப்பவுமே இருந்ததில்ல. ஒரு திருகாணி ஓட்டைகூட இல்ல. சாமான் போடுற ரூமுக்கு எவன் உள்தாழ் வைப்பான்? வெளிய மட்டும்தான்."

காபி டம்ளரோடு அந்தப் பெண் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்போ அன்னைக்கு நான் தள்ளுனப்போ... தாழே இல்லாத கதவை யாரு பெரியம்மா பிடிச்சுக்கிட்டு நின்னாங்க?"