இரண்டு போத்தல் ஓடைநீர்

வெலிமடையில் உருளைக்கிழங்குத் தோட்டமொன்றைக் கடந்தபோது களைகொல்லி வாடை மூக்கில் ஏற, இன்று காடேறிக் கிடக்கும் எங்கள் லயத்து வரிசை வீடுகளும், அவற்றையொட்டிச் சலசலத்த, நாங்கள் குடித்து வளர்ந்த ஓடையும் நினைவில் எழுந்தன. அப்பா தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடிப்பவர். ஓடையில் மீன்கள் செத்து மிதந்த வாரம், மருந்தடித்த இடத்துக்கு மேலே ஒரு போத்தலும் கீழே ஒரு போத்தலும் நீர் பிடித்து, அக்கா இரண்டிலும் தலைப்பிரட்டைகளை விட்டாள். மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் கீழ்நீரில் விட்டவையே செத்தன.

"நீ பாத்தது சரிதான் புள்ள. வெளியில சொல்லாத, வேல போயிரும்" என்றார் அப்பா.

"சொல்லாட்டி எதுக்குப்பா பாத்தேன்?"

மறுநாள் முதல் நாங்கள் மலையேறித் தண்ணீர் எடுத்தோம். கீழ் லயத்துப் பிள்ளைகள் வழக்கம்போல ஓடையில் வாய்வைத்துக் குடித்தார்கள். அக்காவும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம்.