ரெய்டருக்கு என்ன வயது?

போன வாரம் என் கிளினிக்கில் ஒரு சண்டை. பல்லைப் பார்க்கக் கூடாது என்று!

பல் டாக்டரிடம் வந்துவிட்டுப் பல்லைப் பார்க்காதே என்றால் நான் வேறு எதைப் பார்ப்பது?

வந்தவர் முருகேசன். அலங்காநல்லூர் பக்கம் விவசாயம், ஜல்லிக்கட்டுக் காளையும் வளர்க்கிறார். கூடவே மகள் தர்ஷினி. எட்டாம் வகுப்பு, பள்ளி கபடி டீமில் ரெய்டர். என்னைவிட ஒரு சாண் உயரம் — அதுதான் பிரச்சினையே. போட்டி பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கு. ஃபைனலில் மோத வேண்டிய டீம், "இந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயசு" என்று புகார் கொடுத்துவிட்டது.

பிறப்புச் சான்றிதழ்படி பதின்மூன்றுதான். ஆனால் அப்பாவும் அம்மாவும் வெளியூர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தபோது பிறந்தவள். சில வருடம் கழித்துத்தான் பதிந்திருக்கிறார்கள். வயதைக் குறைத்துப் பதிந்தீர்கள் என்றால் என்ன பதில் சொல்வது? பல் எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் எழுதி வாங்கி வரட்டும், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆட முடியாது என்று கமிட்டி சொல்லிவிட்டது.

முருகேசன் கொதித்துக்கொண்டிருந்தார்.

"சந்தையில மாட்டுக்குத்தான் டாக்டரம்மா, வாயைப் பொளந்து ரெண்டு பல்லா நாலு பல்லான்னு பாத்து வயசு சொல்லுவோம். எம்மக என்ன மாடா?"

அவர் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் தர்ஷினிக்கு ஃபைனல்தான் பெரிது. விறுவிறுவென்று நாற்காலியில் ஏறிப் படுத்து, "ஆ..." என்று வாயைத் திறந்துவிட்டாள்.

குழந்தைகளின் பல், வெளியே எட்டிப் பார்ப்பதற்கு ரொம்ப முன்பே எலும்புக்குள் உருவாக ஆரம்பித்துவிடும். முதலில் தலை, அப்புறம் வேர். கடைசியாக வேரின் நுனி மூடும். எந்தப் பல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்தால் வயது ஓரளவு தெரியும். உயரம் ஏமாற்றும். பல் அவ்வளவாக ஏமாற்றாது.

பதினைந்து வயதுவாக்கில் மூட வேண்டிய வேர் நுனி, தர்ஷினியின் இரண்டாவது கடைவாய்ப் பல்லில் இன்னும் மூடவில்லை. அதுகூடப் பரவாயில்லை... கீழே இடது பக்கம் ஒரு பால் பல்! அடியில் புதுப் பல் முட்டிக்கொண்டிருக்க, இது விழாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"வெளிய சொல்லிறாதீங்க டாக்டர். அப்புறம் ஒருத்தியும் என்னையப் பாத்துப் பயப்பட மாட்டா."

(அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள்!)

"பதிமூணுன்னு அடிச்சு எழுதுங்கம்மா" என்றார் முருகேசன்.

"அண்ணே, பல்லு பிறந்த தேதியெல்லாம் சொல்லாது. பன்னெண்டுக்கும் பதினாலுக்கும் நடுவுலன்னுதான் எழுதுவேன். பதினாறுக்கு வாய்ப்பே இல்ல."

முருகேசனுக்குத் திருப்தி வரவில்லை. "அந்த டீம்ல ஒருத்தி இருக்கா, ஆளு இம்புட்டு அகலம். நானும் புகார் குடுக்குறேன். அவ வாயையும் பொளந்து பாக்கட்டும்!"

நாம் மட்டும் என்ன செய்வோம்? ஒருவர் நம்மைச் சந்தேகப்பட்டால், பதிலுக்கு நாமும் யாரையாவது சந்தேகப்பட்டால்தானே தூக்கம் வரும்!

தர்ஷினி நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"வேணாம்ப்பா. என்னையப் பாத்ததே போதும். அவளை நான் கிரவுண்டுல தொட்டுக்கிறேன்."

முருகேசன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. பெற்றவள்கூட இல்லை, பல் பார்த்தவள்தான் நான்... இருந்தாலும்!

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கைப் பூட்டிவிட்டு சமயநல்லூருக்கு ஃபைனல் பார்க்கப் போனேன். கமிட்டி என் ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்டிருந்தது. தர்ஷினி பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டினாள். முதல் ரெய்டிலேயே அந்தப் பெண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

முருகேசன் அண்ணன் அடித்த விசில் அலங்காநல்லூர் வரைக்கும் கேட்டிருக்கும்!